மாமா காய்ந்துவிடக் கூடாது

என் பட்டறை வாசலில் தொங்கும் போர்டில் எழுதியிருப்பது என் தொழில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது.

நான் களிமண்ணில் மனித முகங்கள் செய்கிறவள். தாராவியில் குயவர்கள் சூளை போடுகிற பக்கம் ஒரு நீள அறை. ஒரு கோடியில் மண் ஊறும் தொட்டி, மறுகோடியில் ஜன்னல், நடுவில் நானும் என் தலைகளும். சாமி மட்டும் செய்ய மாட்டேன். பக்தி இல்லாமல் இல்லை. கணபதியின் மூக்கு சரியில்லை என்று எவனும் சொல்ல முடியாது. மனித முகம் என்றால் சொல்வார்கள். எனக்கு அந்தச் சண்டைதான் பிடிக்கும்.

போர்டில் இந்தியில் 'மூர்த்தி' என்று எழுதினால் ஆவணி மாதத்தில் ஊரே கணபதி கேட்டு வந்து நிற்கும். தமிழில் 'மண் சிலை' என்று எழுதினால் எங்கள் ஆட்களிலேயே பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. என் மகளுக்கே தமிழை இந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் வாய் திறக்கும். ஆகவே 'மண் சிலை' என்ற தமிழ் வார்த்தையை இந்தி எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி, குர்லாவில் போர்டு எழுதும் பெயிண்டரிடம் கொடுத்தேன். இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு பம்பாயில் யாருக்கும் தோன்றியிருக்காது என்று அன்று எனக்கு நினைப்பு.

பெயிண்டர் நல்ல மனுஷன். அதுதான் வினை. நான் மண் வாங்கப் போயிருந்த நேரத்தில் போர்டைக் கொண்டுவந்து நான்கு போல்ட் போட்டு முறுக்கிவிட்டு, ஊருக்கு ரயில் ஏறிவிட்டார். ஃபோன் செய்தால் இந்தியில் சந்தோஷமாகச் சொன்னார்: "தீதி, உங்க சீட்டுல ரெண்டு எழுத்துப் பிழை இருந்தது. நானே சரி பண்ணிட்டேன்."

அவர் சரி செய்ததில் மண், 'மன்' ஆகியிருந்தது. இந்தியில் மன் என்றால் மனசு. சிலை, 'சிலாயி' ஆகியிருந்தது. சிலாயி என்றால் தையல். ஆக என் வாசலில் 'மனத் தையல்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, தன் கற்பனைக்கு ஒரு கத்தரிக்கோலும் வரைந்திருந்தார்.

மறுநாளே ஒருவர் ஜிப் போன பேண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கடுத்த நாள் இரண்டு ரவிக்கை, ஒரு ஸ்கூல் பை. போர்டை ஏன் கழற்றவில்லை என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டால் சோம்பல், என் வீட்டுக்காரரைக் கேட்டால் கொழுப்பு. கழற்றுகிறேன் கழற்றுகிறேன் என்று மூன்று வருஷம் போய்விட்டது.

எதிர்ச் சந்தில் ஒரு தையல் பட்டறை இருக்கிறது. அதன் முதலாளி தென்காசிப் பக்கத்து பாய். கோட்டு, சூட்டு தைப்பதில் கெட்டிக்காரர். என்னிடம் வருகிற பேண்டுகளை நான் அவரிடம் அனுப்புவேன். அவர் அதற்கு நன்றி சொல்லாமல் தினமும் என்னைச் சீண்டுவார்.

"என்ன தங்கச்சி, இன்னிக்கி எத்தன பேண்ட் வந்துச்சி?"

"மூணு பாய். ஒண்ணு லெங்கா."

"பாத்துக்கிடுங்க. நாளைக்கி எங்கிட்ட எவனாச்சும் தல செய்யச் சொல்லி வரப்போறான்."

செம்பூரில் என் வீட்டுக்கு வந்து பார்த்தால் என் தொழில் என்ன என்று யாருக்கும் சந்தேகம் வராது. பாத்ரூம் சல்லடை மாதம் இரண்டு முறை அடைத்துக்கொள்ளும். சீப்பில் மண், சாவித் துவாரத்தில் மண், மகளின் கணக்கு நோட்டில் என் கட்டைவிரல். மே மாதச் சூட்டில் செய்து முடித்த காதுகளை ஈரத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைப்பேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் காலை அவசரத்தில் சப்பாத்திப் பொட்டலம் என்று நினைத்து ஒரு காதை டிஃபன் டப்பாவில் எடுத்துப்போய்விட்டார். மத்தியானம் அவருடைய மேனேஜர் முன்னால் பிரித்திருக்கிறார். சாயங்காலம் வந்து காதை மேஜையில் வைத்தார். மடல் நசுங்கியிருந்தது. அதற்கு நான்தான் கோபித்துக்கொண்டேன்.

சிரிப்பை ஒதுக்கிவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா மாட்டுங்கா லேபர் கேம்பில் எல்லோருக்கும் தெரிந்த ஆள். அவர் செத்த வருஷம், நாற்பது நாள் உட்கார்ந்து அவர் முகத்தைச் செய்தேன். அம்மாவைக் கூட்டிவந்து ஈரத் துணியை எடுத்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நிஜமாகவே தெரியாமல், "இது யாரு?" என்று கேட்டாள்.

அன்றே அதை உடைத்துத் தொட்டியில் போட்டேன். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் சங்கங்களும் பள்ளிக்கூடங்களும் கேட்கிற தலைவர்களின் தலை. தலைவர்களை யாரும் பக்கத்தில் பார்த்ததில்லை, ஆகவே கண்ணாடியும் மீசையும் சரியாக இருந்தால் போதும். யாருக்கோ சொந்தமான ஒரு முகத்தைச் செய்ய வேண்டும், அந்த யாரோ வந்து பார்த்து 'இது யாரு' என்று கேட்காமல் இருக்க வேண்டும். ஒரே ஒரு முறை அது நடந்தால் போதும் என்று இருந்தது எனக்கு. வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

இந்த நிலைமையில்தான் போன மழைக்காலத்தில் மாட்டுங்கா மாமி வந்தார்.

நல்ல மழை. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். குடையும் கையில் ஒரு துணிப்பையுமாக ஒரு மாமி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே சேறு என்று அவர் படியேறவில்லை. நான் ஜன்னலோரம் இருந்தேன்.

"போர்டு பார்த்தேன். எங்க டெய்லர் ஊருக்குப் போய்ட்டான்," என்றெல்லாம் அவர் சொன்னாராம். தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் என் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். "நீங்க சிலை பண்றேளோன்னோ?"

அவர் சொன்னது சிலாயி. நான் கேட்டது சிலை. அதுவரை பேண்ட் கொண்டுவந்தவர்கள் அத்தனை பேரும் இந்தியில் பேசினார்கள். தமிழில் ஒருவர் வந்து இந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று மூன்று வருஷமாகக் காத்திருந்தவளுக்கு வேறெப்படிக் கேட்கும்?

"பண்ணுதேன் மாமி. யாருக்கு?"

"எங்காத்துக்காரருக்கு."

"அவங்க..." என்று இழுத்தேன்.

"அவர் வரமாட்டார்மா. எத்தனை கூப்பிட்டாலும் வரப்போறதில்லை. நானும் அழாத குறையாச் சொல்லியாச்சு."

"மனசத் தேத்திக்கிடுங்க மாமி."

"என்ன பண்றது, அவர் சுபாவம் அப்படி."

செத்துப்போவது ஒரு சுபாவமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. துக்கத்தில் இருப்பவர்கள் எப்படி வேண்டுமானாலும் பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன். மாமி பைக்குள்ளிருந்து ஒரு பழைய ஃபோட்டோவை எடுத்து நீட்டினார். கல்யாண ரிசப்ஷன். மாலையும் கோட்டுமாக ஒரு இளைஞன், நெற்றியில் முடி விழுந்திருக்கிறது, உதட்டின் ஒரு ஓரம் மட்டும் சிரிக்கிறது.

"இதே மாதிரி வேணும். தோள் இப்படித்தான் நிமிர்ந்து இருக்கணும். கழுத்துல மட்டும் இறுக்கிடாதேங்கோ, அவருக்கு மூச்சு முட்டும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "மார்பு வரைக்கும் போதுமா மாமி?"

"மார்போட நிறுத்தினா நன்னாவா இருக்கும்? இடுப்புக்குக் கீழ வரைக்கும் வரட்டும். பதினெட்டாம் தேதி ஃபங்ஷன். சயான்ல ஹால் எடுத்திருக்கோம். எல்லாரும் அவரைத்தான் பார்ப்பா."

பையை என்னிடம் கொடுத்தார். "அளவுக்கு ஒரு சட்டையும் துணியும் உள்ளே இருக்கு." பிறகு எட்டி உள்ளே பார்த்தார். என் தலைவர்கள் எல்லோரும் ஈரத் துணி சுற்றி வரிசையாக நின்றார்கள். "ஏகப்பட்ட பொம்மை வெச்சிருக்கேளே," என்று மெச்சினார். சிலைகளைப் பொம்மை என்றது கொஞ்சம் சுருக்கென்றது. தையல்காரர் துணி மாட்டிப் பார்க்கும் பொம்மைகள் என்று அவர் நினைத்தது பின்னால்தான் தெரிந்தது.

பையைப் பிரித்தேன். ஒரு பெரிய வெள்ளைச் சட்டை. மடிப்புக் கலையாத கருநீலத் துணி, மூன்றரை மீட்டர் இருக்கும். சிலை திறக்கும்போது மேலே போர்த்துவதற்கு! தலைவர்களுக்குக்கூட நான்தான் பழைய பெட்ஷீட் போடுவேன். ஒரு மனைவி இதுவரை யோசித்து வாங்கி வந்திருக்கிறாளே என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். "நான் செத்தா எனக்கு என்ன கலரு?" என்று கேட்டார்.

இரும்புக் கம்பியில் கூடு கட்டி, வைக்கோல் சுற்றி, மண் அப்ப ஆரம்பித்தேன். ஒரு சிக்கல் வந்தது. ஃபோட்டோவில் இருப்பவன் ஒல்லிப் பையன். சட்டையோ இரண்டு பையன்கள் நுழையும் அளவு. மாமிக்கு ஃபோன் செய்தேன்.

"உடம்பு சட்டை அளவுக்கா மாமி, ஃபோட்டோ அளவுக்கா?"

"சட்டை அளவுக்குத்தான்! ஃபோட்டோ மாதிரி பண்ணினா ஏறவே ஏறாது."

"முகம்?"

"முகத்துக்கென்ன? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றால் ஃபோட்டோவில் இருப்பதுபோல் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். இருபத்தெட்டு வயசு முகத்தை அறுபது வயசு வயிற்றின் மேல் வைத்தேன். பார்க்கக் கொஞ்சம் வினோதமாகத்தான் இருந்தது. கேட்டது அவர், செய்வது நான்.

வயிறு, தோள், கழுத்து எல்லாம் ஐந்து நாளில் வந்துவிட்டன. அந்தச் சிரிப்புதான் வரவில்லை. உதட்டின் இடது ஓரம் மேலே போகிறது. கண் அதற்கு ஒத்துழைக்கவில்லை, வேறெங்கோ தப்பித்து ஓடப் பார்க்கிறது. சந்தோஷம் என்று செய்தால் பல் டாக்டர் விளம்பரம் மாதிரி வந்தது. வெட்கம் என்று செய்தால் திருடன் மாதிரி வந்தது. ஒன்பது முறை வாயை வழித்துப்போட்டேன். கடைசியில் என்ன உணர்ச்சி என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, ஃபோட்டோவில் எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே மட்டும் அழுத்தினேன். வந்துவிட்டது. ஏன் வந்தது என்று தெரியவில்லை.

"ட்ரையலுக்குப் பதினஞ்சாம் தேதி வரோம்," என்று மாமி ஃபோனில் சொன்னார். சிலை பார்ப்பதை ட்ரையல் என்று சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

பதினைந்தாம் தேதி தரையைக் கழுவினேன். சிலைக்கு ஈரத் துணி, அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட், அதற்கும் மேல் அந்தக் கருநீலத் துணியைப் போர்த்தி, சிவப்பு ரிப்பனால் கட்டினேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு மாலை வாங்கி வைத்திருந்தேன். அப்பாவின் முகத்தை அம்மாவுக்குக் காட்டிய நாளுக்குப் பிறகு, முகத்துக்குச் சொந்தமானவர்கள் வந்து பார்க்கப்போவது அன்றுதான். ஊதுபத்தியைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டேன்.

மாமி வந்தார். கூடவே குடையை மடக்கியபடி பருமனான ஒருவர். ஃபோட்டோவில் இருந்தவரின் ஜாடை இருந்தது. அண்ணனாக இருக்கும் என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

"உங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்," என்றேன்.

"ரொம்பக் கஷ்டம்மா," என்றார் அவர். "எனக்கு இதெல்லாம் வேண்டாம்னுதான் சொன்னேன். இவ கேக்க மாட்டேங்கறா."

மாமி நீலத் துணியைப் பார்த்துவிட்டு, "மேல போட்டே பார்த்திருக்கேளா, பேஷ்," என்றார். ரிப்பனை நீங்களே இழுங்கள் என்றேன். எதற்கு என்று புரியாமல் இழுத்தார். துணி சரிந்தது. நான் பிளாஸ்டிக்கையும் ஈரத் துணியையும் எடுத்தேன்.

அந்தப் பெரியவர்தான் முதலில் கேட்டார்.

"யாரு இது?"

அதே வார்த்தை. பத்து வருஷம் கழித்து, வேறு வாயிலிருந்து. உடைக்கிற மண்வெட்டி எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது.

மாமி, புடவை மண்ணில் படுவதைப் பார்க்காமல் சிலையை ஒட்டிப் போய் நின்றார்.

"ன்னா," என்றார், திரும்பாமலே. "நீங்கதான்."

"நானா?"

"ஃபோட்டோக்காரன் தோளைப் பிடிச்சுத் திருப்பினானே. கூச்சம் தாங்காம நெளிஞ்சேளே. அந்தச் சிரிப்புன்னா இது!"

பெரியவர் தன் உதட்டின் இடது ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் ஒன்பது முறை வழித்துப்போட்ட அந்தச் சிரிப்பு, சந்தோஷமும் இல்லை, வெட்கமும் இல்லை. கிச்சுகிச்சு.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. "மாமி, அப்ப இவங்க..."

"நான்தான்மா அவ ஆத்துக்காரன்," என்றார் அவர். அவர் கண் என் கையிலிருந்த ஊதுபத்திக்கும் ஸ்டூல் பக்கத்திலிருந்த மாலைக்கும் போய்விட்டுத் திரும்பியது. "இதெல்லாம் யாருக்கு?"

மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். ஊதுபத்தியை மறந்துவிட்டேன். அது என் முகத்துக்கு முன்னால் புகைந்துகொண்டே இருந்தது.

"அது சரி," என்றார் மாமி, தூக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரி. "கோட்டு எங்கே?"

"எந்தக் கோட்டு?"

அதற்குப் பிறகு பத்து நிமிஷம் யார் என்ன பேசினோம் என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. கடைசியில் மூன்று பேரும் வாசலுக்கு வந்து மழையில் நின்று போர்டை அண்ணாந்து பார்த்தோம். எதிர்ச் சந்திலிருந்து பாய் கூட வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. பெண்ணுக்குக் கல்யாண ரிசப்ஷன், இன்னும் மூன்றே நாள். துணி வெட்டப்படக்கூட இல்லை. அந்தப் பழைய ஃபோட்டோவில் மாமா போட்டிருந்தது சிநேகிதனிடம் இரவல் வாங்கின கோட்டாம். பெண் கல்யாணத்திலாவது சொந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று மாமிக்கு முப்பத்திரண்டு வருஷத்து ஆசை. அவர் தலைப்பால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து நான் செத்துப்போகலாம் என்று நினைத்தேன்.

"அழாதீங்கம்மா. நான் மூணு நாள்ல முடிச்சித் தாரேன்," என்றார் பாய். "ஐயாவ இப்பிடி வரச் சொல்லுங்க, அளவெடுத்துருதேன்."

டேப் அக்குளைத் தொட்டதும் மாமா ஒரு கத்துக் கத்தினார். சந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது முறை டேப் படுவதற்கு முன்பே நெளிந்து ஸ்டூலைத் தள்ளிவிட்டார். எந்த டெய்லரிடமும் வரமாட்டார் என்று மாமி சொன்ன சுபாவம் இதுதான். இவருடைய சட்டையெல்லாம் மாமி கடையில் கண்ணளவில் வாங்குவதாம். பாய் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யோசித்தார். பிறகு மெதுவாக என் சிலையைப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுக்கு என்ன அளவு?"

"அவங்க சட்டை அளவுதான் பாய். கால் இஞ்ச் பிசகாது."

"அப்ப டம்மி ரெடியால்லா இருக்கு! எனக்கு ஐயா எதுக்கு?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "தலைய மட்டும் மூடிருங்க. முகம் தெரிஞ்சா அது சிலை. மூடிட்டா டம்மி. டம்மின்னா எனக்கு ஒண்ணும் இல்ல."

தலைக்கு ஒரு துண்டைச் சுற்றினேன். உடம்புக்குப் பிளாஸ்டிக்கை இழுத்துக் கட்டினேன். மாமி தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இது போன தீபாவளிச் சட்டை. அதுக்கப்புறம் இவர் இன்னும் கொஞ்சம் போட்டுட்டார்."

பிளாஸ்டிக்கை மறுபடி அவிழ்த்தேன். மாமாவை ஆறு அடி தள்ளி நிற்கவைத்து, அவரைப் பார்த்துப் பார்த்துச் சிலையின் வயிற்றில் மண் அப்பினேன்.

"இன்னும் ரெண்டு பிடி," என்றார் மாமி.

"அவ்வளவெல்லாம் இல்லைடி!"

"மூச்சை விடுங்கோ. உள்ள இழுத்துண்டு நிக்கறேள். ம், இப்போ பாருங்கோ. இன்னும் ஒரு பிடி வைங்கோ."

மாமா தன் வயிறு தன் கண்ணெதிரே வளர்வதைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இத்தனை வருஷத்தில் உயிரோடு இருக்கும் ஒருவரைப் பார்த்து வேலை செய்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த மூன்று நாளும் மாமி பட்டறையிலேயே இருந்தார். மாமாவும் வருவார், ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பாய் ஊசி குத்தி, சுண்ணாம்புக் கோடு போட்டு, எடுத்துப்போய்த் தைத்து, மறுபடி கொண்டுவந்து மாட்டுவார். கடைசி நாள் கோட்டு முழுதாக ஏறியது. பாய் போன பிறகு மாமி தலைத் துண்டை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன்.

மாமி கோட்டின் காலரைச் சரி செய்தார். பிறகு முகத்தைப் பார்த்து, எப்போதும் சொல்கிற எரிச்சலோடு, "நேரா நில்லுங்கோ. எத்தனை தடவை சொல்றது?" என்றார்.

சொன்னது சிலையிடம். ஸ்டூலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா தலையைக்கூட நிமிர்த்தாமல் முதுகை நேராக்கிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தொட்டிப் பக்கம் போய் மண்ணைக் கிளறுவதுபோல் நின்றேன். என் அம்மா ஒரு முறை, ஒரே ஒரு முறை, அப்பாவின் அந்த முகத்தைத் திட்டியிருந்தால் போதும், அதை நான் உடைத்திருக்க மாட்டேன்.

ரிசப்ஷனுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கோட்டு மாமாவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது, அளவெடுத்துத்தானே தைத்தது. முதுகில் மட்டும் சாம்பல் நிறத்தில் என் கட்டைவிரல் தடம் ஒன்று. மேடையில் நிற்பவரின் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்? பாய் பார்த்தார். பிரியாணி இல்லாத கல்யாணத்தில் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

ஒரு வாரம் கழித்து மாமி மட்டும் வந்தார்.

"அவரை என்ன பண்ணப் போறே?" நீங்கள் போய் நீ ஆகியிருந்தது.

"உடைச்சித் தொட்டியில போட்டுருவேன் மாமி. மண்ணு வீணாகாது."

"உடைக்கறதாவது! வாயைக் கழுவு."

"அப்ப வீட்டுக்குக் கொண்டுபோங்க."

"உயிரோட இருக்கறவரோட சிலையை ஆத்துல வெக்கறதாவது! உனக்கு ஏதாவது இருக்கா?"

அப்படியே விட்டால் காய்ந்து வெடித்துவிடும் என்று விளக்கினேன். அச்சு எடுத்து வார்த்தால்தான் நிற்கும். அச்சு எடுக்கும்போது மண் உடைந்துபோகும், ஆனால் முகம் தங்கிவிடும். மாமி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"ஈரமா வெச்சிண்டிருந்தா?"

"தினமும் தண்ணி தெளிச்சி மூடி வச்சா இருக்கும். எத்தன நாளைக்கின்னு வைக்க முடியும்?"

"ஈரமாவே இருக்கட்டும்," என்றார். பிறகு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நான் சொல்றேன். நான் சொல்றப்போ அச்சு எடு. அதுவரைக்கும் அவர் காயக் கூடாது."

எப்போது சொல்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் அளவு மடச்சி இல்லை நான்.

அன்றிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு மாமி ஃபோன் செய்கிறார். "தண்ணி தெளிச்சியா?" அவ்வளவுதான். தெளிச்சாச்சு மாமி என்பேன், வைத்துவிடுவார். இதற்காகவே ஞாயிற்றுக்கிழமையும் செம்பூரிலிருந்து பட்டறைக்கு வருகிறேன். மூன்று தலைவர்களைச் செய்து அனுப்பியாகிவிட்டது, மாமா மட்டும் ஜன்னலோரம் நிற்கிறார். கழுத்தோரம் ஒரு தடவை பச்சையாகப் பாசி பிடித்தது, சுரண்டி எடுத்தேன். அதை மாமியிடம் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஃபோன் வரவில்லை. பதினொன்றரை, பன்னிரண்டு. எதிர்ச் சந்திலிருந்து பாய் ஏதோ சீண்டினார், கையை மட்டும் அசைத்தேன். ஸ்ப்ரே பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானாகக் கூப்பிடத் தைரியம் இல்லை. கூப்பிட்டால் மாமி 'எடு' என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

பன்னிரண்டே காலுக்கு அடித்தது. மாமியின் நம்பர். எடுத்துக் காதில் வைத்தேன்.

"நான்தான்மா," என்றது ஒரு ஆண் குரல். "அவளுக்கு ஜுரம், படுத்திண்டிருக்கா. இன்னிக்கு எனக்குத் தண்ணி தெளிச்சியான்னு கேக்கச் சொன்னா."

"தெளிச்சாச்சு மாமா."

பின்னாலிருந்து மாமி ஏதோ சொல்வது கேட்டது. மாமா அதைக் கேட்டுக்கொண்டு, பொறுமையாக எனக்குச் சொன்னார்.

"காதுக்குப் பின்னாடியும் தெளிக்கணுமாம். அங்கதான் நான் சீக்கிரம் காயறேனாம்."

சிலையின் பின்பக்கம் போய், இரண்டு காதுக்குப் பின்னாலும் இன்னொரு தடவை தெளித்தேன்.